பத்து ரூபாய்க்கு எத்தனை கோடு?

இம்முறை நாணயங்களைப் பற்றிய கேள்விகள் மட்டும். உறைக்குள் காசையே ஒட்டி அனுப்பி, "இது அசலா?" என்று கேட்டவர்கள் திருப்பி அனுப்பத் தபால்தலை வைக்கவில்லை. எனவே எல்லாம் அசல்தான் என்று தீர்ப்பு, செலவழித்தும் பார்த்தாயிற்று.

கே: பத்து ரூபாய் காயினை வாங்கினால் என்னிடமிருந்து யாரும் வாங்குவதில்லை. வாங்காவிட்டால் வந்தவர் சண்டைக்கு நிற்கிறார். நான் என்ன செய்யட்டும்? (பெட்டிக்கடைக்காரர், வாணியம்பாடி)

ப: வாங்கிப் போடுங்கள். 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டு, அதுவரை வெளிவந்த 14 வகைப் பத்து ரூபாய் நாணயங்களும் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2019-ல் தானியக் கதிர் போட்ட புது வகையும் சேர்ந்துகொண்டது. வகைகள் இத்தனை இருப்பதுதான் வம்பே. ஐந்து வகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆறாவது வகை கள்ளக் காசாகத் தெரிகிறது. கல்லாவில் சேர்ந்ததை நூறு நூறாகப் பாலிதீன் பையில் கட்டி வங்கிக்குக் கொண்டு போங்கள். வாங்க வேண்டியது அவர்கள் கடமை. முகத்தைச் சுளிப்பார்கள்; அதற்குத் தடை போட விதி ஏதும் இல்லை.

கே: எண்ணுக்கு மேலே பத்துக் கோடு இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்கிறார்களே? (பேருந்து நடத்துநர், திருவண்ணாமலை)

ப: பதினைந்து கோடு போட்டது 2010 வரை வந்த ஒரு வகை. பத்துக் கோடு, ரூபாய்க் குறியோடு 2011 முதல் வந்த வகை. ஆக, பதினைந்துதான் மூத்தது. இது தவிர, கோடே இல்லாத நினைவு நாணயங்களும் உண்டு. ரிசர்வ் வங்கி தன்னுடைய பவள விழாவுக்காக 2010-ல் வெளியிட்ட பத்து ரூபாய் நாணயமும் அதில் ஒன்று. அதையும் "இது செல்லாது" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வங்கியின் பிறந்தநாளுக்கு வங்கியே புழக்கத்துக்கு விட்ட காசு! கோடு எண்ணுகிற வேலையை விட்டுவிட்டு டிக்கெட் கிழியுங்கள்.

கே: என்னிடம் உள்ள பத்து ரூபாயில் ரூபாய்க் குறியே இல்லை. போலிதானே? (கல்லூரி மாணவி, கள்ளக்குறிச்சி)

ப: அந்தக் குறியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலையில். வரைந்தவர் உதயகுமார், உங்கள் ஊரில் பிறந்தவர். நாணயத்தில் அது ஏறியது 2011-ல். இருநிறப் பத்து ரூபாய் மக்கள் கைக்கு வந்ததோ 2009-ல். 2009-ல் வந்த காசில் 2010-ல் பிறந்த குறியைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கே: சட்டம் பேசினால் ஊரில் சிரிக்கிறார்கள். யாராவது இதை எதிர்த்து ஏதாவது செய்திருக்கிறார்களா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தர்மபுரி)

ப: உங்கள் மாவட்டத்திலேயே செய்தார்கள். அரூர் பக்கத்து இளைஞர் ஒருவர் 2022-ல் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொண்டுபோய்க் கார் வாங்கினார். 60,000 காசு. ஒன்று சுமார் 7.7 கிராம் என்றால் மொத்தம் ஏறத்தாழ 460 கிலோ. காரில் ஏற்ற வேண்டிய எடையைக் காருக்காக ஏற்றிப்போயிருக்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரு தடவையில் ஆயிரம் ரூபாய் வரைதான் சட்டப்படி செலுத்தலாம். அதற்கு மேல் வாங்குவதும் மறுப்பதும் விற்பவர் விருப்பம். ஆக, ஆறு லட்சத்தை நாணயமாக வாங்கமாட்டேன் என்று சொல்ல ஷோரூமுக்கு உரிமை இருந்தது, அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பத்து ரூபாயை வாங்கமாட்டேன் என்று சொல்ல உரிமை இல்லாத நாமோ மறுக்கிறோம்.

கே: சரி, நிஜமாகவே கள்ளக் காசு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். (இல்லத்தரசி, மன்னார்குடி)

ப: சந்தேகப்பட்ட காசை அதே வகை, அதே ஆண்டு அசல் காசோடு ஒப்பிடுங்கள். இது முதல் விதி. வேறு வகையோடு ஒப்பிட்டால் எல்லாமே போலியாகத் தெரியும்.

பிறகு எடை. சமையலறை டிஜிட்டல் தராசு கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. நகைக்கடைத் தராசு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பத்து அசலை ஒரு பக்கமும் சந்தேகப்பட்டதில் பத்தை மறுபக்கமும் வைத்துப் பாருங்கள். பத்து இல்லையென்றால் கவலையும் பத்து ரூபாய்க்குமேல் வேண்டாம்.

மூன்றாவது, திருப்பிப் பார்ப்பது. சிங்க முகம் நேராக இருக்கும்படி மேலும் கீழும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் சுழற்றுங்கள். பின்பக்கமும் நேராகத்தான் நிற்க வேண்டும். இந்தியக் குடியரசின் நாணயங்கள் எல்லாம் அப்படித்தான் அடிக்கப்படுகின்றன. பாதிச் சுற்று திரும்பி நின்றால் கூர்ந்து பாருங்கள்.

நான்காவது, எழுத்து. அச்சில் அடித்த காசில் எழுத்தின் ஓரம் செங்குத்தாக எழும்பி நிற்கும்; நகத்தால் தடவினால் தடுக்கும். மண்ணிலோ அச்சுக்குழியிலோ உருக்கி ஊற்றிய போலியில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஓடினால் இரண்டு பாதியாக வார்த்துச் சேர்த்தது என்று பொருள்.

கே: காந்தத்தில் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல். இது போதாதா? (மெக்கானிக், கோயம்புத்தூர்)

ப: அப்படிப் பார்த்தால் நம் ஒரு ரூபாயில் பெரும்பாலானவற்றைக் குப்பையில் போட வேண்டும். 1992 முதல் ஒரு ரூபாய் இரும்பும் குரோமியமும் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் ஒரு ரூபாய் ஒட்டாது. ஐந்து ரூபாயில் இன்னும் கூத்து. 1992-ல் வந்த தடிமனான ஐந்து ரூபாய் ஒட்டாது. 2007-ல் வந்த ஸ்டீல் ஐந்து ரூபாய் ஒட்டும். 2009-ல் வந்த மஞ்சள் நிற ஐந்து ரூபாய் மறுபடி ஒட்டாது. மூன்றும் அசல். காந்தம் இரும்பைக் கண்டுபிடிக்கும், யோக்கியதையைக் கண்டுபிடிக்காது.

கே: எங்கள் தாத்தா கல்லில் தட்டிப் பார்த்தே கள்ளக் காசைச் சொல்லிவிடுவார். எனக்கு ஏன் அது கைவரவில்லை? (ஜவுளிக்கடைக் கணக்கர், ஈரோடு)

ப: காது குற்றமில்லை, காசு மாறிவிட்டது. தாத்தா தட்டிய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அது மணியாக ஒலிக்கும். ஈயம் கலந்த போலி "தொப்" என்று விழும். 1940-ல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். போலி செய்பவர்களுக்குத் தொல்லை கொடுக்க, விளிம்பின் நடுவே ஒரு பள்ளம் வெட்டி அதற்குள் வேலைப்பாடு வைத்தார்கள். 1947-ல் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. இன்றைய பத்து ரூபாய் இரண்டு உலோகத்தை ஒன்றுக்குள் ஒன்று அழுத்திச் செய்தது. அசலே மந்தமாகத்தான் ஒலிக்கும். பேருந்து நிலைய இரைச்சலில் தாத்தாவுக்கே கேட்காது.

கே: முந்தைய கனமான ஐந்து ரூபாய் எங்கே போனது? (மீன் வியாபாரி, நாகப்பட்டினம்)

ப: கொஞ்சம் வீட்டு உண்டியலில், கொஞ்சம் தாடைகளில்! 9 கிராம் எடை, முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். உலோக விலை ஏறியபோது உருக்கினால் ஐந்து ரூபாய்க்குமேல் கிடைக்கும் நிலை வந்தது. எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று 2007 வாக்கில் செய்திகள் வந்தன. அதன் பிறகு ஐந்து ரூபாய் 6 கிராமாக இளைத்தது. நாணயத்தை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று 2011 சட்டம் சொல்கிறது. கள்ளக் காசு அடிப்பவன் ஐந்து ரூபாய்க்குக் குறைந்த உலோகத்தை ஐந்து ரூபாய் ஆக்குகிறான். உருக்குபவன் ஐந்து ரூபாயை ஐந்து ரூபாய்க்கு மேற்பட்ட உலோகம் ஆக்குகிறான். அரசாங்கம் இந்த இருவருக்கும் நடுவில் உலோகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கே: ஐந்நூறு ரூபாய் நோட்டை விட்டுவிட்டுப் பத்து ரூபாய்க் காசைப் போய் எவனாவது போலியாக அடிப்பானா? (வழக்கறிஞர், மதுரை)

ப: அடித்தார்கள். 2016-ல் டெல்லியின் பவானா பகுதியில் ஐந்து, பத்து ரூபாய் நாணயங்களை அடித்த ஒரு தொழிற்கூடத்தையே போலீஸ் பிடித்தது. ஐந்நூறு ரூபாயை வாங்குபவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், தடவுவார், காந்தி படத்தை முறைப்பார். பத்து ரூபாயை யாரும் பார்ப்பதில்லை. எண்ணிக் கல்லாவில் போடுகிறார்கள். அந்த அலட்சியம்தான் அவன் முதலீடு. லாபம் குறைவு என்பதால் மூட்டை மூட்டையாகத் தள்ள வேண்டும். சில்லறை நிறையப் புழங்கும் இடம் தேடி அலைய வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறான். உங்கள் கைக்கு வரும் ஒற்றைக் காசு கள்ளக் காசாக இருக்கும் வாய்ப்பு, சண்டை போடும் அளவுக்கு இல்லை.

கே: ஆண்டுக்குக் கீழே சிலதில் புள்ளி, சிலதில் நட்சத்திரம், சிலதில் ஒன்றுமே இல்லை. எது அசல்? (பத்தாம் வகுப்பு மாணவன், சிவகாசி)

ப: எல்லாம். அது பிறந்த ஊரைச் சொல்லும் அடையாளம். புள்ளி என்றால் நொய்டா. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். வைர வடிவம் என்றால் மும்பை. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. கொல்கத்தாக்காரர்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை என்று நினைக்கிறார்கள் போலும். சில்லறைத் தட்டுப்பாடு வந்த காலத்தில் வெளிநாட்டிலும் அடித்து வாங்கினோம். 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில 'எச்' இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது. மெக்சிகோ, ஸ்லோவாக்கியா, ரஷ்யா, தென் கொரியா, தென் ஆப்பிரிக்கா என்று பல ஊர்த் தண்ணீர் குடித்த ரூபாய் நம்முடையது. பள்ளிக்கூட இடைவேளையில் எல்லோர் பாக்கெட்டையும் கொட்டச் சொல்லி இந்த நான்கு அடையாளத்தையும் சேகரித்துப் பார். காசைத் திருப்பிக் கொடுத்துவிடு.

கே: சென்னையில் தங்கசாலைத் தெரு இருக்கிறது. நாணயச்சாலை எங்கே? (ஆட்டோ ஓட்டுநர், சென்னை)

ப: 1869-ல் மூடிவிட்டார்கள். பிறகு அந்த இடத்தில் அரசு அச்சகம் வந்தது. காசு அடித்த இடத்தில் கெஜட் அடித்தார்கள்.

கே: கண்டக்டர் இரண்டு ரூபாய் என்று கொடுத்தார், வீட்டில் பார்த்தால் ஒரு ரூபாய். கண்ணாடி போட்டும் ஏமாந்தேன். (பாட்டி, கும்பகோணம்)

ப: கண்டக்டரும் ஏமாந்திருக்கலாம் பாட்டி. 1992 முதல் 2004 வரை வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம், 4.85 கிராம் எடை. 2011-ல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம், அதே ஸ்டீல். அதாவது முந்தைய ஒரு ரூபாயின் உடம்பில் இரண்டு ரூபாயின் முகத்தை அடித்திருக்கிறார்கள். இந்தக் குழப்பத்துக்குக் கள்ள நாணயக்காரன் தேவைப்படவில்லை. அரசாங்கமே போதுமாக இருந்தது.

கே: எங்களைப் போன்றவர்களுக்குக் காசைத் தொட்டுத்தான் தெரியும். வடிவமைக்கிறவர்கள் அதை நினைப்பதுண்டா? (பார்வையற்ற இசை ஆசிரியர், திருச்சி)

ப: பல ஆண்டு மறந்துவிட்டு, பிறகு நினைத்தார்கள். அந்தக் காலத்து இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம் இருந்தது. விரல் பட்டதும் தெரியும். 2005 ஆண்டு போட்டு வட்ட ஸ்டீலில் வந்த இரண்டு ரூபாயில் அது போயிற்று. அதிலிருந்த நான்கு கை வடிவம் சிலுவை என்று சிலர் சண்டைக்கு வந்ததால் எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். விளிம்பைத் தடவிப் பார்த்தவர் குறைவு. அடுத்து 2007-ல் விரல் முத்திரைகள் வந்தன: ஒன்றுக்குக் கட்டைவிரல், இரண்டுக்கு இரு விரல். பார்ப்பவருக்கு அழகு, தடவுபவருக்கு ஒன்றும் விளங்காது. 2019 மார்ச்சில் பார்வையற்றோரை மனதில் வைத்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் உதவியோடு புதிய வரிசை வந்தது. மதிப்பு ஏற ஏற அளவும் எடையும் ஏறும். இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். ஆனால் முந்தைய வரிசைகள் எல்லாம் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், உங்கள் விரல் நான்கு தலைமுறைக் காசையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு யாரும் வழி சொல்லவில்லை.

கே: ஒரு பக்கம் சிங்கம் சரியாக இருக்கிறது. மறுபக்கமும் சிங்கம், ஆனால் குழிவாக, கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறி. இது என்ன மாயம்? (தையல்காரர், விருதுநகர்)

ப: உங்களுக்கு யோகம். நாணயம் சேகரிப்பவர்கள் இதை 'லாக்கி' என்பார்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, சுற்றிலும் ஒரு வளையம். நடுவில் வெறும் உலோக வில்லை வந்து உட்காரும். மேலச்சு இறங்கி ஒரே அடி. அடிபட்ட காசு வெளியே விழுந்து அடுத்த வில்லை வர வேண்டும். எப்போதாவது அடிபட்ட காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் கீழச்சு முறைப்படி பதிகிறது. மறுபக்கத்தில் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசு பதிந்துவிடுகிறது. அதனால்தான் ஒரே படம், ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும்.

அந்தச் சுற்று வளையம் தன் இடத்தில் இல்லாவிட்டால் உலோகம் தோசை மாதிரி பரந்து, காசு வழக்கத்தைவிட அகலமாகிவிடும். வில்லை நடுவில் உட்காராவிட்டால் பாதிப் படம்தான் விழும். இவை எல்லாம் நாணயச்சாலையின் பிழைகள். பிழை செய்தது அரசாங்கம் என்பதால் அதற்கு விலை அதிகம்.

ஆனால் ஒன்று. இரண்டு காசைச் சேர்த்து வைஸில் வைத்து நசுக்கியும் இந்த மாயத்தைச் செய்கிறார்கள். அதில் குழிவான படத்துக்கு அடியில் பழைய படத்தின் மிச்சம் நசுங்கிக் கிடக்கும், மறுபக்கமும் தட்டையாகியிருக்கும். உங்களுடையதில் சிங்கத்தின் பிடரி கூர்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தபாலில் அனுப்பாதீர்கள்.

கே: என் ஐந்து ரூபாயில் எண்ணின் குறுக்கே ஒரு கோடு. எரர் காயினா, கீறலா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

ப: விரலால் தடவுங்கள். கோடு மேடாக எழும்பி நின்றால் அது பிறவி அடையாளம். பள்ளமாக இருந்தால் பிறந்த பிறகு பட்ட காயம். எஃகு அச்சு ஆயிரம் ஆயிரமாக அடி வாங்கி, ஒரு நாள் மயிரிழை விடுகிறது. அந்த விரிசலுக்குள் உலோகம் பிதுங்கி ஏறுவதால் காசில் கோடு மேடாக வரும். விரிசல் விளிம்புவரை ஓடி அச்சின் துண்டே பெயர்ந்தால், காசின் ஓரத்தில் உருவமில்லாத ஒரு கட்டி நிற்கும். விரிசல் விட்ட பிறகு அதே அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் அந்தக் கோடு இருக்கும். பிந்தையவற்றில் நீண்டுகொண்டே போகும். சேகரிப்பவர்கள் அந்த நீளத்தை வைத்தே எது முந்தியது, எது பிந்தியது என்று வரிசை போடுவார்கள்.

கூரான பொருளால் யாரோ கிழித்த கீறல் ஒருபோதும் மேடாக வராது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இணையத்தில் 'அபூர்வம்' என்று விற்கும் பாதிச் சரக்கை ஒதுக்கிவிடலாம்.

கே: என் மகன் பத்து ரூபாயின் நடு வட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிவிட்டான். எரர் காயின் என்று விற்கலாமா? (அம்மா, நாமக்கல்)

ப: எரர் மகனிடம் இருக்கிறது; காசில் இல்லை. நாணயத்தைச் சிதைப்பதும் சட்டப்படி குற்றம் என்பதால் சுத்தியலை ஒளித்து வையுங்கள்.

கே: வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா? (கட்டடத் தொழிலாளி, சேலம்)

ப: அந்த நாணயம் உண்மை. வைஷ்ணவ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 ஆண்டு போட்டு ஐந்து ரூபாயிலும் பத்து ரூபாயிலும் வந்தது. புழக்கத்துக்கென்றே ஏராளமாக அடித்தார்கள். லட்சம்தான் பொய். முதலில் உங்கள் காசைப் புகழ்வார்கள். பிறகு பதிவுக் கட்டணம், வரி, கமிஷன் என்று உங்களிடமே பணம் கேட்பார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் காட்டியே இது நடந்ததால், 2021 ஆகஸ்டில் வங்கி எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நாணயம் வாங்கி விற்பதில் தனக்குச் சம்பந்தமே இல்லை, கமிஷனும் கேட்பதில்லை என்று சொன்னது. விற்கிறவன் பணம் கட்ட வேண்டிய வியாபாரம் உலகத்தில் இல்லை.

கே: 1818 என்று போட்டு, ராமர் சீதை படத்தோடு கிழக்கிந்தியக் கம்பெனிச் செம்புக் காசு. அரிசியை இழுக்கும் சக்தி உண்டாம். பத்து லட்சம் கேட்கிறார். (ரியல் எஸ்டேட் தரகர், ஓசூர்)

ப: தெய்வப் படத்தோடு கம்பெனி நாணயம் அடித்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். சென்னையில் வேங்கடவனும் இரு தேவியரும் நிற்கும் தங்கப் பகோடா அடித்தார்கள். ஆனால் உங்களுக்குக் காட்டிய ராமர் செம்புக் காசைக் கம்பெனி எந்தக் காலத்திலும் அடிக்கவில்லை. அது கோயில் வாசலில் ஆசீர்வாதத்துக்கென்று விற்ற வில்லைகளின் வாரிசு. அரிசியை இழுப்பது காசல்ல. அரிசியில் தடவிய இரும்புத் தூளும் மறைத்து வைத்த காந்தமும். இதற்கு 'ரைஸ் புல்லிங்' என்று பெயர், இழுபடுவது பணம். உங்கள் வீட்டு அரிசியை நீங்களே கொண்டுபோய்க் கொட்டிப் பாருங்கள். சக்தி அன்றைக்கு லீவில் இருக்கும்.

கே: தமிழ் எழுத்து உள்ள ஐந்து ரூபாய் கொடுத்தேன். கடைக்காரர் "இந்திக்காரன் காசில் தமிழ் எப்படி வரும்? டூப்ளிகேட்" என்கிறார். (செவிலியர், காஞ்சிபுரம்)

ப: காஞ்சிபுரத்திலேயே இப்படி ஒரு கேள்வியா! அது அண்ணா நூற்றாண்டு நாணயம், 2009. அவர் படத்தோடு அவருடைய தமிழ்க் கையெழுத்தும் அதில் இருக்கிறது. இன்னும் உண்டு: எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக 1995-ல் திருவள்ளுவர், 2003-ல் காமராசர், 2010 ஆண்டு போட்டுத் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு, 2017-ல் எம்.ஜி.ஆர். கடைக்காரர் வேண்டாம் என்றால் சண்டை போடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்து பத்திரப்படுத்துங்கள்.

கே: ஐம்பது காசு செல்லுமா, செல்லாதா? (பால் வியாபாரி, திண்டுக்கல்)

ப: செல்லும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-ல் விடைபெற்றன. ஐம்பது காசுகளாகப் பத்து ரூபாய் வரை சட்டப்படி கொடுக்கலாம். வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்கும் சொல்லுங்கள்.

கே: பழங்காலத்தில் காசைச் சோதிக்க என்ன செய்தார்கள்? (வரலாற்று ஆசிரியை, புதுக்கோட்டை)

ப: உங்கள் மாவட்டமே சாட்சி. 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. வணிகத்துக்கு வந்த பொன்னில் எதற்காக அந்த வெட்டு? உள்ளேயும் பொன்தானா, மேலே மட்டும் பூச்சா என்று பார்க்கவா? இனி இது காசாகச் செல்லாது, எடைக்குத்தான் என்று அறிவிக்கவா? ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். எப்படியானாலும் ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் மூக்கு நம் ஊர் உளிக்குத் தப்பவில்லை.

கே: நியூட்டனுக்கும் கள்ள நாணயத்துக்கும் தொடர்பு உண்டாமே? (இயற்பியல் மாணவி, நாகர்கோவில்)

ப: பிடித்துக் கொடுக்கும் பக்கம்! 1696-ல் லண்டன் நாணயச்சாலையின் காப்பாளராகப் போனார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கலாம் என்ற பதவி. அவரோ சாட்சிகளை வரவழைத்து விசாரித்து, வில்லியம் சலோனர் என்ற பெரிய கள்ள நாணயக்காரனை வளைத்தார். 1699-ல் அவனைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் காலத்து இன்னொரு திருட்டு, வெள்ளிக் காசின் ஓரத்தைச் சுரண்டிச் சேர்ப்பது. விளிம்பில் பற்களும் எழுத்தும் வந்தது அதைத் தடுக்கத்தான். சுரண்டினால் பல் போய்விடும், காட்டிக் கொடுத்துவிடும். இன்று ஸ்டீலைச் சுரண்டி யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. ஆனாலும் விளிம்பை ஒழுங்காக அடிப்பது போலிக்காரனுக்கு இன்றும் கஷ்டம். முகத்தைப் பார்க்கும் நேரத்தில் விளிம்பைப் பாருங்கள்.

கே: உலகத்தில் எங்காவது காசுப் போலி உண்மையிலேயே தலைவலி ஆகியிருக்கிறதா? (ஏற்றுமதியாளர், திருப்பூர்)

ப: பிரிட்டனில். அவர்களுடைய வட்டமான ஒரு பவுண்டு நாணயத்தில் முப்பதில் ஒன்று போலி என்று கணக்கெடுத்தார்கள். விளிம்பில் இருக்க வேண்டிய வாசகம் வேறு ஆண்டுக்குரியதாக இருக்கும். படம் வேறு ஆண்டுக்குரியதாக இருக்கும். கள்ளர்கள் வரலாற்றில் வீக். 2017 மார்ச்சில் பன்னிரண்டு பக்க, இருநிறப் புதுப் பவுண்டு வந்தது. அக்டோபரில் பழையது செல்லாமல் போனது. ஆனால் அங்கேகூடப் பழைய பவுண்டு செல்லாது என்று அறிவித்தது அரசாங்கம். இங்கே அந்தப் பொறுப்பைப் பேருந்து நிலையத்துப் பூக்கடைவரை எல்லோரும் பகிர்ந்துகொள்கிறோம்.

கே: கள்ளக் காசு என்று தெரிந்துவிட்டது. நஷ்டப்படாமல் கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா? (பக்தர், பழநி)

ப: சாமிக்குத் தெரியும், சட்டத்துக்கும் தெரியலாம். போலி என்று அறிந்தே அசலாகத் தள்ளிவிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆயுள் தண்டனைவரை போகக்கூடிய குற்றம். போலி என்று அறிந்து, அசலாகத் தள்ளிவிடலாம் என்று கையில் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை. நேர்மையான வழியில் உங்கள் கைக்கு வந்தது என்று காட்டினால் அந்தக் குற்றம் இல்லை. அதனால் வங்கியிலோ காவல் நிலையத்திலோ ஒப்படைப்பதே புத்திசாலித்தனம். பதிலுக்கு நல்ல காசு கிடைக்காது. பத்து ரூபாயோடு போயிற்று.

கே: கடைசியாக, ஒரே வரியில்: கள்ளக் காசு அடிப்பவன் ஆபத்தா, "இது செல்லாது" என்று கிளப்பிவிட்டவன் ஆபத்தா? (பெயர் வேண்டாம், வேலூர்)

ப: ஒரு வரி போதாது, இரண்டாகத் தருகிறேன். முதலாமவன் இயந்திரம், உலோகம், ஆள்கூலி எல்லாம் முதல் போட்டுச் சில மூட்டைப் போலியை அசல் ஆக்கப் பார்க்கிறான். இரண்டாமவன் காலணா செலவில்லாமல் பல மாவட்டத்து அசலைப் போலி ஆக்கிவிட்டான். அவனைத் தேடி இதுவரை ஒரு போலீஸ்காரரும் போகவில்லை.